முப்பத்தைந்து, அறுபத்தைந்து, எண்ணூற்று ஐம்பது

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும் நாம் எட்டுப் பேரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் எண்கள்தான். சாப்பிடும் முன் நூற்றுப் பத்து, சாப்பிட்ட பின் நூற்று எண்பது. ஒருவருக்கு ஏறினால் மற்ற ஏழு பேரும் கவலைப்படுகிறோம். இறங்கினால் கொஞ்சம் பொறாமைப்படுகிறோம். போன வாரம் பாரிசிலிருந்து வந்திருக்கும் நம் நண்பர் தன் சர்க்கரை ஒன்று புள்ளி நாற்பது என்று சொன்னாரே, அப்போது எனக்குப் பகீரென்றது. அந்த அளவில் மனிதன் நடக்கலாமா, படுக்கையில் அல்லவா இருக்க வேண்டும் என்று அவர் கையைப் பிடித்து இழுத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டேன். நீங்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

சிரிக்க வேண்டியதுதான். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதி எழுதியே தலை நரைத்தவன் நான். அங்கே ஒரு லிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் என்று சொல்கிறார்கள். இங்கே நூறு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். அவருடைய ஒன்று நாற்பதும் என்னுடைய நூற்று நாற்பதும் ஒரே சர்க்கரை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போதுதான் உறைத்தது.

அப்போதே அக்காவின் கல்யாணச் சர்பத்தும் நினைவுக்கு வந்துவிட்டது. உங்களில் இரண்டு பேர் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தீர்கள். பந்தியில் எத்தனை வடை சாப்பிட்டோம் என்பது நினைவிருக்கும். வாசலில் தட்டில் என்ன வைத்திருந்தோம் என்பது நினைவிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. நெல்லித்தோப்பில் இருந்தோம். வீட்டின் முன்பக்கம் நெருக்கமாக இருக்கும், பின்பக்கம் தாராளம். கிணறு, துவைக்கும் கல், ஒரு முருங்கை மரம், இரண்டு வாழை. கிணற்றடியை ஒட்டி ஒரு சாமான் அறை. அதில் ஆளுயரத்துக்குச் சாமான்கள் இருந்தாலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: உள்ளே ஈயம் பூசிய பெரிய பித்தளை அண்டா. நான் அதற்குள் உட்கார்ந்து பேசினால் என் குரல் எனக்கே பெரிய மனிதரின் குரலாகக் கேட்கும். மில்லுச் சங்கு ஊதும்போது அண்டாவும் லேசாக முனகும். அதை நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இப்போதும் நம்ப மாட்டீர்கள்.

அந்தக் கோடையில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை கருவடிக்குப்பத்துக்காரர், என் அத்தை வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் பங்காளி. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. இதில்தான் சிக்கல்.

அத்தையின் கல்யாணத்தில், நான் பிறப்பதற்கு முன்பு, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த நன்னாரி சர்பத் நீர்த்துப் போயிருந்ததாம். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகமாக வந்ததால் யாரோ குடம் குடமாக ஊற்றிச் சமாளித்திருக்கிறார்கள். அத்தையின் மாமியார் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஏம்மா, சர்பத்துல தண்ணி ஊத்துனீங்களா, தண்ணிக்கு சர்பத்தக் காட்டுனீங்களா?" என்று சபையில் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அத்தைக்கு அந்த வீட்டில் தண்ணி வீட்டுப் பொண்ணு என்று பெயர். ரசம் நீர்த்தால் தண்ணி வீடு. மோர் நீர்த்தால் தண்ணி வீடு. அத்தைக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு ஒழுகினால் கூடத் தண்ணி வீடுதான்.

நிச்சயம் முடிந்த மறுநாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். புடவை, நகை எதைப் பற்றியும் கேட்கவில்லை. கிணற்றடியில் அப்பா எதிரில் நின்றாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சர்பத்து மட்டும் கெட்டியா இருக்கட்டும். என் மாமியா முன்வரிசையில வந்து ஒக்காரும். அது அதுக்காகவே வரும். நம்ம பொண்ணுக்கும் அந்தப் பேரு வந்துச்சுன்னா, நான் அந்தத் தெருவுல நடக்க முடியாது."

அப்பா மேல்துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு காரியத்தை மனதில் எடுத்துக்கொண்டால் அப்படித்தான் செய்வார்.

அப்பாவுக்கு மில்லில் சாயக்கூடத்துச் சோதனை அறையில் வேலை. காரமோ, சாயமோ, உப்போ, எதுவானாலும் லிட்டருக்கு எத்தனை கிராம் என்றுதான் சொல்வார். வீட்டில் குழம்பில் உப்புக் கூடினாலும், "லிட்டருக்கு ரெண்டு கிராம் அதிகம்" என்பார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மருந்துக்கடையில் கம்பவுண்டர். அவருக்கு எல்லாமே நூறில் எத்தனை பங்கு. கையைக் கழுவப் பொட்டாசியம் கரைத்தாலும் நூறில் இத்தனை என்பார். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பியவர். பிரெஞ்சில் சிப்பாய் என்று பொருள்படும் சொல்தா என்றே தெரு முழுக்க அவரைக் கூப்பிட்டது. அவர் ஆண்களை எல்லாம் பிரெஞ்சு மரியாதையில் முசே என்பார். சைகோனிலும் மர்சேய்யிலும் அதிகாரிகளின் சமையல்கட்டில் இருந்தவராம். அவரிடம் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அடியில் ஈயக் குண்டு நிரப்பிய குமிழ், மேலே பென்சில் பருமனில் தண்டு, தண்டுக்குள் எண் எழுதிய காகிதச் சுருள். பாகில் போட்டால் நிமிர்ந்து மிதக்கும். பாகு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மேலே எழும்பும். பாகின் மட்டத்தில் இருக்கும் எண்ணைப் படித்து இத்தனை டிகிரி என்று சொல்வார். அதைப் பச்சை வெல்வெட் ஒட்டிய பெட்டியில் வைத்திருப்பார். எங்களைத் தொடவிட மாட்டார். பார்க்கவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காப்பி இரண்டு சுற்று வந்தது. சர்பத் பாகு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

அப்பா லிட்டருக்கு எண்ணூற்று ஐம்பது கிராம் என்றார். மாமா நூறில் அறுபத்தைந்து என்றார். சொல்தா முப்பத்தைந்து டிகிரி என்றார்.

"முப்பத்தஞ்சா?" என்றார் அப்பா. "அத வெச்சு வெத்தலதான் கழுவலாம்."

"முசே, உங்க எண்ணூத்தம்பத வெச்சு செவுத்துக்குப் பூசலாம்," என்றார் சொல்தா. "சிரோன்னா, அதான் சர்பத்துப் பாகுன்னா, முப்பத்தஞ்சுதான். சைகோன்லயும் அதான், மர்சேய்லயும் அதான். கடலு தாண்டிப் போனாலும் மாறாது."

மாமா விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "லிட்டருன்னா ஆயிரம். ஆயிரத்துல எண்ணூத்தம்பதுன்னா நூத்துல எம்பத்தஞ்சு. அது கரையவே கரையாது. கரைஞ்சாலும் ஆறுனதும் கல்லாயிடும். அறுபத்தஞ்சுக்கு மேல போவாதீங்க."

அப்பா எழுந்து நின்றார். தன் சோதனை அறையைப் பற்றி ஒரு பெரிய பிரசங்கம் செய்தார். சொல்தா தன் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடினார். கிணற்றடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு பேரும் சேந்து கெணத்துல ஒரு மூட்டையக் கொட்டிக் கலக்கிடுங்க," என்றாள். "தெருவே மொண்டு குடிக்கட்டும். என் கல்யாணத்த அப்பறம் பாத்துக்கலாம்."

இப்போது ஒன்று சொல்கிறேன். பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரி நூலகத்தில் ஓர் அட்டவணையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டு போனேன். முப்பத்தைந்து டிகிரி. அதே வரியில், எடைக்கு எடை நூறில் அறுபத்தைந்து. அதே வரியில், லிட்டருக்கு எண்ணூற்று ஐம்பத்தைந்து கிராம். மூன்று பேரும் ஒரே பாகைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து கிராம்தான் வித்தியாசம். மாமா தடுக்கிய இடமும் தெரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீர்தான் ஆயிரம் கிராம். ஒரு லிட்டர் பாகு ஆயிரத்து முந்நூறுக்கு மேல் கனக்கும். அதில் எண்ணூற்று ஐம்பதைக் கண்டு அவர் பயந்திருக்க வேண்டியதில்லை. நூலகத்தில் நான் சிரித்த சிரிப்புக்கு என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

ஆனால் முருங்கை மரத்தடியில் யாரிடம் அட்டவணை இருந்தது? கடைசியில் வீடு அப்பாவின் வீடு என்பதால் எண்ணூற்று ஐம்பதே நின்றது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு கிணற்றடியில் கல் கூட்டி அண்டாவை ஏற்றினார்கள். அப்பா மில்லிலிருந்து இரவல் வாங்கி வந்த தராசில் சர்க்கரையை நிறுத்தார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். எண்ணாமல் இருக்க என்னால் அப்போதும் முடியாது. நன்னாரி வேரை இடித்து மல் துணியில் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, ஒவ்வொன்றையும் நூலில் தொங்கவிட்டு, நூல்களை ஒரு மூங்கில் கழியில் முடிந்து, கழியை அண்டாவின் வாய்க்குக் குறுக்கே வைத்தாள் அம்மா. மூட்டைகள் ஏழு. முதல் மழை விழுந்த மண்ணும் வெகுநாள் திறக்காத மரப்பெட்டியும் சேர்ந்தாற்போல் ஒரு வாசனை எழுந்தது. தெருவில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போனார்கள்.

பாகு கொதித்து வரும்போது அம்மா எலுமிச்சம்பழங்களை எடுத்து வந்தாள். எப்போதும் பிழிவது வழக்கம். அப்பா கையை நீட்டித் தடுத்தார். புளிப்புச் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும் என்றார்.

"பிழியலேன்னா எறும்பு வரும்," என்றாள் அம்மா.

"எறும்புக்கும் எலுமிச்சைக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இல்லைதான். எலுமிச்சை எந்த எறும்பையும் தடுக்காது. அதன் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்து, பாகு மறுபடியும் கட்டியாகாமல் பார்த்துக்கொள்ளும். அது அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அவள் பழங்களை முந்தானையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் எங்களுக்கு எலுமிச்சைச் சாதம்.

பாகு அளவுக்கு வந்ததும் அப்பா அண்டாவின் உட்புறத்தில், பாகின் மட்டத்தில், ஆணியால் ஒரு கோடு கிழித்தார். இதுதான் எண்ணூற்று ஐம்பது, இனி ஒரு சொட்டு ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது என்று வீட்டில் இருந்த எல்லாருக்கும் காட்டினார். நிஜமாகவே அது சரியான பாகு. எவரும் கை வைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

மறுநாள் விடிந்ததும் நான் கிணற்றடிக்குப் போனபோது மாமா அங்கே இருந்தார். மருந்துக்கடைக்குப் போகும் உடுப்பு; காலில் செருப்பு இல்லை. கையில் ஒரு குடம் தண்ணீர். அண்டாவின் துணியை விலக்கி, முகத்தில் ஒரு வைத்தியரின் பொறுப்போடு, நிதானமாக ஊற்றினார். எண்பத்தைந்து கல்லாகிவிடும் என்ற பயம் அவருக்கு ராத்திரி முழுக்க இருந்திருக்கிறது. ஊற்றிக் கலக்கிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"நீ பாக்கல," என்றார். ஒரு பிடி சர்க்கரையை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்பா மில்லுக்குக் கிளம்பும் முன் துணியை விலக்கிப் பார்த்தார். பாகு கோட்டுக்கு மேல் நின்றது. அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை. அத்தை கல்யாணத்தில் ஊற்றிய அந்தத் தண்ணீரே திரும்பி வந்து அண்டாவில் நிற்பதைப் பார்த்தவர்போல ஆகிவிட்டார். யார் என்று கேட்கவில்லை. எங்கள் முகங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் வாயில் சர்க்கரையோடு முருங்கை மரத்தைப் பார்த்தேன். அடுப்பை மூட்டி, பாகு பழைய கோட்டுக்குச் சுண்டியதும் இறக்கி சாமான் அறையில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, மில்லுக்கு ஓடினார்.

அம்மா உலையைப் பார்க்க உள்ளே போன நேரத்தில் சுவரேறிக் குதித்து வந்தார் சொல்தா. அந்த வயதில் அவர் சுவரேறியதே பெரிது. கொதிக்கிற பாகை ஒரு பித்தளைக் குவளையில் மொண்டு, பெட்டியைத் திறந்து, கண்ணாடிக் குழாயைப் போட்டார். அது ஆழமாக அமிழ்ந்தது. எண்ணைப் படித்துவிட்டு அவர் தலையில் கை வைத்தார்.

"பாத்தியா? இருபத்தெட்டு. உங்க அப்பா மானம் போயிடும்."

அதில் மாமாவின் ஒரு குடம் தண்ணீர் இருந்தது. அதோடு, சூட்டில் பாகு இளகி இருக்கும். மிதவை கூடுதலாக அமிழும். எண் குறைத்துக் காட்டும். ஆறவைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆறவைக்க அவருக்குப் பொறுமை இல்லை. அம்மா எந்த நேரமும் வரலாம். கல்யாணச் சர்க்கரை மூட்டையிலிருந்து நாலு படி அளந்து கொட்டினார். கொட்டிய சர்க்கரை மழை விழுவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு பாகுக்குள் போயிற்று. எனக்கும் ஒரு பிடி கிடைத்தது.

"நீ பாக்கல," என்றார் அவரும்.

ஒருவர் தண்ணீர் ஊற்றினார், ஒருவர் சர்க்கரை கொட்டினார். கூட்டிக் கழித்தால் சரியாகிவிட்டது என்று நான் என் மனதில் கணக்கை முடித்துக்கொண்டேன். நான்காம் வகுப்புக் கணக்குக்கு அது சரியான விடைதான். ஆனால் அம்மா, அப்பா சொன்னபடியே, பாகு பழைய கோட்டுக்கு இறங்கும்வரை அடுப்பை எரித்தாள். மாமாவின் தண்ணீர் முழுதும் ஆவியாகப் போயிற்று. சொல்தாவின் நாலு படிக்கு இடம்விட்டு இன்னும் கொஞ்சம் தண்ணீரும் போயிற்று. கோடு மட்டும் அதே கோடு.

சாயங்காலம் அண்டா சாமான் அறையில் வெதுவெதுப்பாக இருந்தது. சொல்தா மறுபடியும் வந்தார். துணியைத் தூக்கிக் குழாயை நேரே அண்டாவிலேயே மிதக்கவிட்டார். குனிந்து எண்ணைப் படிக்கும் முன் வாசலில் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது. குழாயை அப்படியே விட்டுத் துணியை இழுத்து மூடி, வாழை மரத்தின் பக்கமாக மறைந்துவிட்டார். அப்பா நேரே சாமான் அறைக்கு வந்து, துணியின் ஓரத்தை மட்டும் தூக்கி, கோட்டையும் பாகையும் பார்த்தார். திருப்தி. வெளியே வந்து கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்களைப்போல் நான் சிரித்த நாட்கள் குறைவு. சொல்தாவால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஏதாவது ஒரு சாக்கில் வந்து சாமான் அறைப் பக்கமே நடந்தார். ஏணி வேண்டும் என்பார். ஏணி உள்ளே இருக்கிறது. மண்வெட்டி வேண்டும் என்பார், அதுவும் உள்ளேதான். அப்பா சாவியோடு வந்து, தானே உள்ளே போய், தானே எடுத்து வந்து கொடுத்துவிட்டுப் பூட்டுவார். சொல்தா வீட்டு முற்றத்தில் எங்கள் ஏணி, மண்வெட்டி, கடப்பாரை, உடைந்த தொட்டில் எல்லாம் சேர்ந்துவிட்டன. அவர் எதற்குத் தொட்டில் கேட்கிறார் என்று அக்கா கேட்டதற்கு அப்பா, "சொல்தா இல்லியா, எல்லாம் ஒரு வெவஸ்தையோட செய்வாரு," என்றார்.

எறும்பு மட்டும் வரவில்லை. அம்மா அதைக் கவனித்தாள். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகல். தெருவை அடைத்துப் பந்தல். கூரையில் புதுக் கீற்று வாசனை, கீழே சாணம் மெழுகிய வாசனை, நடுவே மல்லிகை. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், வந்ததும் சர்பத். அத்தை காலையிலேயே வந்துவிட்டாள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. மாமியார் முன்வரிசையில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை எல்லாம் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா சாமான் அறையைத் திறந்தார். மாமா, சொல்தா, அம்மா, அத்தை, நலங்கு மஞ்சள் முகத்தோடு அக்கா, எல்லாரும் பின்னால் நின்றோம். துணியை எடுத்தார்.

பாகு அசையவில்லை. அண்டாவின் வாய்க்குக் கண்ணாடி போட்டதுபோல் ஒரு தகடு மூடியிருந்தது. நடுவில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழுத்தளவு தகட்டில் பதிந்து, சொல்தாவின் கண்ணாடிக் குழாய் நின்றது. குனிந்து பார்த்தேன். நாற்பதுக்கு ஒரு கோடு குறைவு.

அப்பா மூங்கில் கழியைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. மாமாவும் சேர்ந்து தூக்கினார். தகடு உடைந்து கழி மேலே வந்தது. ஏழு நூலிலும் ஏழு நன்னாரி மூட்டையைச் சுற்றியும் கற்கண்டு காய்த்துத் தொங்கியது. பலாக்காயின் முள்ளைப்போல், பட்டை பட்டையாக, தேன் நிறத்தில், சன்னல் வெளிச்சத்தைப் பிடித்து அறை முழுவதும் சிதறவிட்டுக்கொண்டு. அவ்வளவு அழகான பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்பா பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் அழகு தெரியவில்லை.

"தண்ணி வீடுன்னாங்க," என்றார். "இனிமே கல்லு வீடும்பாங்க."

மாமா தொண்டையைச் செருமினார். "நான் ஒரு கொடம் தண்ணி ஊத்துனேன். கல்லாயிடக் கூடாதுன்னுதான்."

சொல்தா தன் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? "நாலு படி," என்றார். "நாலே படிதான், முசே."

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தையின் கண் நிறைந்துவிட்டது. வெளியே பந்தலில் மாமியார் யாரையோ கூப்பிட்டு, சர்பத்து எப்ப வரும் என்று கேட்பது எங்களுக்கு உள்ளே கேட்டது.

அப்போது அக்கா கையை நீட்டி ஒரு நூலிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை ஒடித்தாள். வாயில் போட்டாள். கன்னத்தில் ஒதுக்கினாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"நன்னாரி மணக்குதுப்பா," என்றாள். பிறகு சிரித்தாள். மஞ்சள் உதிர உதிரச் சிரித்தாள். சொல்தாவின் முற்றத்தில் கிடந்த தொட்டிலை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. அவள் தம்பியைப் பார்த்தாள். "டேய், வாசல்ல வெக்கிற தட்டுக்குக் கற்கண்டு வாங்கிட்டு வரச் சொன்னேனே, எங்க?"

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு எல்லாம் வாங்கியிருந்தார். வாரம் முழுவதும் சர்க்கரையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவர் கற்கண்டை மறந்துவிட்டார்.

"நல்லதாப் போச்சு," என்றாள் அம்மா. "கொழவிய எடுத்துட்டு வா."

அம்மிக் குழவியால் தட்ட ஆரம்பித்தோம். சொல்தா தகட்டை வெந்நீர் விட்டு இளக்கித் தன் குழாயை உயிரோடு மீட்டார். பிறகு அவரும் உட்கார்ந்து தட்டினார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூட்டையை விட்டு எழுந்து வந்தார். துண்டுகளை நான் எண்ணித் தாம்பாளங்களில் அடுக்கினேன்: நானூற்றுப் பன்னிரண்டு, நான் தின்றது போக. தகட்டுக்கு அடியில் மிஞ்சியிருந்த பாகு, தண்ணீர் அந்தச் சூட்டில் எவ்வளவு சர்க்கரையைத் தாங்குமோ அவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெளியே தள்ளிவிட்டுத் தெளிந்து நின்றது. அம்மா அதைக் குவளையில் மொண்டு, கண்ணளவுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து கலக்கினாள். எத்தனை பழம் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை டிகிரி என்றும் கேட்கவில்லை.

அந்தக் கண்ணாடிக் குழாய் பிறகு யாரிடம் போயிற்று என்று தெரியவில்லை. சொல்தாவின் வீடு இருந்த இடத்தில் நாலு மாடி எழும்பிவிட்டது. அண்டாவை எப்போதோ பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டார்களாம். நான் ஊரில் இல்லாதபோது. ஆணிக் கோடு இன்னும் அதில் இருக்கும், உருக்காமல் இருந்தால்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். மேளம் கேட்டது. அத்தை ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு நேரே முன்வரிசைக்குப் போனாள். நான் சர்பத் டம்ளர்களோடு பின்னால் போனேன். மாமியார் டம்ளரை எடுத்தார். வழக்கம்போல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார். டம்ளர் காலியானபின் தலையைச் சாய்த்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அத்தை தட்டில் இருந்ததிலேயே பெரிய துண்டாக ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"கடிச்சுப் பாருங்க அத்த," என்றாள். "எங்க வூட்டு சர்பத்து."

மாமியாருக்குப் பல் அதிகம் மிச்சமில்லை. கடிக்க முடியாமல் கன்னத்தில் அதக்கிக்கொண்டார். எலுமிச்சங்காய் அளவுக்குக் கன்னம் புடைத்தது. மாப்பிள்ளை வந்தார், ஆரத்தி எடுத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள், எங்கள் அப்பா எல்லாரையும் கும்பிட்டு உட்காரவைத்தார். கற்கண்டு லேசில் கரைகிற பொருளா? கரைந்து முடிகிறவரை அந்த அம்மாளால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அத்தை தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தாமல் சிரித்தபடி, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.